ரயில் வரும்வரை ஞானஸ்நானத்தை ஒத்திப்போடுவது குறித்து

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
17-3-1966, வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை மரியசெல்வம் அவர்களுக்கு மாமனார் அருள்சாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் ஒருவன் மட்டும் இருப்பதால் எல்லோரும் சுகம் என்று எழுத வழியில்லை. நான் சுகம். கறுப்பு மாடும் சுகம். தங்கள் மாமியார் ராயம்மாள் பிரசவத்துக்கு முன்பே அவ்விடம் வந்துவிட்டபடியால் அவளுடைய சுகத்தைத் தாங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம். மகள் இருதயமேரியையும் பேரனையும் தேவமாதா எந்தக் குறையும் இல்லாமல் காத்துவருவாளாக.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குப் பொன்மலைக் கோயிலில் ஞானஸ்நானம் என்றும், நான் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்றும், நான் வராவிட்டால் தங்கள் தகப்பனார் சம்பந்தி செபாஸ்தியான் அந்த இடத்தில் நிற்பார் என்றும் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்றாவது விஷயத்தைத் தாங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். என்னால் வர இயலாது. ஆகையால், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடப்படும்வரை ஞானஸ்நானத்தை ஒத்திப்போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதைத் தந்தியில் சொல்லியிருக்கலாம். தந்தியில் காரணங்களுக்கு இடம் கிடையாது. என்னிடம் காரணங்கள்தான் இருக்கின்றன.

முதல் காரணம் தங்களுக்கே தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் நம் வழக்கம். இருதயமேரியை ஏழாம் மாதத்தில் இங்கே அழைத்துவர வேண்டும் என்று நான் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்திருந்தேன். பொன்மலையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் தங்கள் ரயில் ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கும். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு என்ன இருக்கிறது? ஆதிமூலம் பஸ் இருக்கிறது. அந்த பஸ்ஸைத் தாங்கள் கல்யாணத்தின்போது பார்த்திருக்கிறீர்கள். தங்கள் பக்கத்துச் சித்தப்பா ஒருவர் அதிலிருந்து இறங்கி அரைமணி நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கர்ப்பிணிப் பெண்ணை நான் அதில் எப்படி ஏற்றுவேன்? கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று இதைத்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் முதலாளி ஆதிமூலம் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவன், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டான்.

"இன்னா பெரியவரே, மவள இட்டாரணும்னு சொன்னாங்க. முன்சீட்டு ஒதுக்கி வெக்கட்டுமா?"

"உன் வண்டியில ஏறினா தீவனூரு தாண்டறதுக்குள்ள பொறந்துடும்டா."

"பொறந்தா இன்னா, அரை டிக்கெட்டு கூட வாங்கமாட்டேன். என் வண்டி வாணாம்னா வேற எதுல இட்டாருவீங்க? ரயில்லியா?"

சிரித்தார்கள். பூசை கண்டு பாவம் போக்கிக்கொண்டு வெளியே வந்த ஜனங்கள் அப்படிச் சிரித்தார்கள். ரயிலில்தான் அழைத்து வருவேன், செஞ்சிக்கு ரயில் வரும்வரை இந்த அருள்சாமியின் கால் உன் பஸ் படியில் படாது என்று அந்த இடத்திலேயே சத்தியம் செய்தேன். அன்று சாயங்காலமே செஞ்சி ரயில்பாதைக் கோரிக்கைக் கமிட்டியைத் தொடங்கினேன். தலைவர் நான். பொருளாளர் மேலத்தெரு சுந்தரமூர்த்தி. பொருள் இல்லாததால் அவர் வேலையும் இல்லாமல் இருக்கிறார்.

ரயில்வே விஷயம் எனக்குத் தெரியாது என்று சம்பந்தி அங்கே சொல்லக்கூடும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சத்தை ரயில்வே கால அட்டவணையில் படித்தேன். பாராளுமன்றத்தில் ரயில்வே வரவுசெலவு வாசிக்கிற நாளில் பேப்பரை மடித்து வைத்து ஒரு வாரம் படிப்பவன் நான். தாங்களும் பொன்மலை ரயில்வே பட்டறையில் பாய்லர் ஆணிகளுக்குக் கணக்கு எழுதுகிற குமாஸ்தாதான் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். அது தங்கள் அடக்கம். ஆணி இல்லாமல் ரயில் ஓடாது. ஆகையால் இதற்குமேல் எழுதுகிறவற்றைத் தங்கள் மேலதிகாரியிடம் சமயம் பார்த்து எடுத்துச் சொல்லவும்.

பிப்ரவரியில் ராஜாராம் என்று ஓர் இளம் சர்வே அதிகாரி சென்னையிலிருந்து வந்து பயணியர் விடுதியில் தங்கினார். என் மனுவைப் பார்த்துத்தான் வந்தார் என்பது என் கட்சி. மனு எதையும் தான் பார்க்கவில்லை என்பது அவர் கட்சி. வந்ததும், ஒரு மைல் பாதை போட இத்தனை லட்சம் ஆகும், போட்ட பணத்துக்கு வருஷா வருஷம் இவ்வளவு வரும்படி வந்தால்தான் சர்க்கார் சம்மதிக்கும் என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைப் போட்டவர் செஞ்சியைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை, பொதுவான கணக்கு என்றார். நேரில் வந்து பார்க்காமல் எழுதின எதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை என்று சொல்லி அவரைக் கோட்டைக்கு அழைத்துப்போனேன். தண்டவாளத்துக்கு அடியில் போட ஜல்லி வாங்கச் செலவு எழுதியிருந்தார். மாப்பிள்ளை, செஞ்சியில் கல்லை விலைக்கு வாங்குவதா? நாலு பக்கமும் மலை மலையாகக் கல்லைக் குவித்து வைத்துக்கொண்டு கடவுளே எங்கே போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டுப் போன ஊர் இது. ஸ்டேஷன் கட்டச் செலவு எழுதியிருந்தார். கோட்டைக்குள்ளேயே ராஜா கட்டின கல்யாண மஹால் இருக்கிறது. எட்டு அடுக்கு. ராஜா போனதிலிருந்து காலி. கீழ்த்தட்டில் டிக்கெட், மேல்தட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் குடியிருக்கலாம், ரயில் வருவது திண்டிவனம் தாண்டும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். சரக்குக் கொட்டகைக்குச் செலவு எழுதியிருந்தார். ராஜா காலத்துத் தானியக் களஞ்சியம் சுவர் உடையாமல் நிற்கிறது. கொஞ்சம் வௌவால் இருக்கிறது, அவ்வளவுதான்.

"பெரியவரே, இதெல்லாம் தொல்பொருள் இலாகா சொத்து. ஒரு கல்லக்கூடத் தொடக்கூடாது" என்றார்.

"அவங்களும் சர்க்கார், நீங்களும் சர்க்கார். ஒரே வூட்டுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் கேக்கமாட்டீங்களா?"

"கேக்கலாம். பதில் வர்றதுக்கு நாளாகும்."

"கோட்டை இருநூறு வருஷமா காத்திருக்குது. கேளுங்க."

எழுதிக்கொண்டார். இதுவரைக்கும் எல்லாம் நம் பக்கம்தான் இருந்தது.

மறுநாள் சந்தை. ஜனங்கள் எவ்வளவு சரக்கு வெளியூருக்கு அனுப்புகிறார்கள், எத்தனை தடவை பிரயாணம் போகிறார்கள் என்று நேரில் கேட்டு எழுதவேண்டும் என்றார். நான் சொன்ன முறையையே அவர் கடைப்பிடிக்கிறார் என்று எனக்கு மகிழ்ச்சி. இந்த இடத்தில் தங்களுக்கு ஒரு விவரம் சொல்லவேண்டும். நெல்லில் ஒரு பங்கைச் சர்க்காருக்கே விற்கவேண்டும் என்று லெவி போட்டதிலிருந்து இந்தப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அதிகாரிகளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருந்தது. பனமலையிலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் கூட என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். கையில் பேப்பரும் காலில் பூட்ஸும் உள்ளவன் எவன் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல், கேள்வி முடிவதற்குமுன் சொல், என்று நான்தான் பழக்கியிருந்தேன். நன்றாகப் பழகியிருந்தார்கள்.

ராஜாராம் முதலில் போனது நம் பொருளாளர் சுந்தரமூர்த்தியிடம். அவர் தன்னுடைய நிலக்கடலை மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார். இவர் பூட்ஸ் போட்டிருந்தார்.

"வருஷத்துக்கு எத்தனை மூட்டை மல்லாட்டை வெளியூர் அனுப்புறீங்க?"

"மல்லாட்டையா சாமி? அதுங்க இந்தப் பக்கம் வெளையறதில்லீங்களே."

"நீங்க உக்காந்திருக்கிறது இன்னா?"

"இது எங்க மச்சானுது."

"அவர் எங்க?"

"செத்துட்டாருங்க."

மச்சான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சங்கடப்பட்டு நகர்ந்துபோனார். அடுத்தது தாலுக்கா ஆபீஸ் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் செல்லப்பன். இவன் வாரம் தவறாமல் பாண்டிச்சேரிக்குப் போய்வருகிறவன். நம் மாகாணத்தில் மதுவிலக்கு, பாண்டிச்சேரியில் இல்லை என்பதைத் தவிர அவன் அங்கே போவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது. அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி, இரண்டு கையாலும் ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு வந்தான்.

"பாண்டிச்சேரிக்கு மாசம் எத்தனை தடவை போவீங்க?"

"பாண்டிச்சேரியா? அது எந்தப் பக்கம் சார் இருக்குது?"

சொல்லும்போதே பைக்குள் கண்ணாடி கண்ணாடியோடு இடித்தது. "ஆயாவுக்கு மருந்து" என்றான், யாரும் கேட்காமலே. அவனைப் பார்த்ததும் பின்னால் பையோடு வந்த பதினைந்து பேரும் பாண்டிச்சேரியைக் கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பாதையில் ரயில் வந்தால் நிரம்பி வழியக்கூடிய பிரயாணிகள் அவர்கள்தான் மாப்பிள்ளை. ஒரு பெட்டி முழுக்கப் போயிற்று. நான் குறுக்கே விழுந்து, "டேய், இவரு அந்த ஆபீசர் இல்லடா, உண்மையைச் சொல்லுங்கடா" என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நான் எப்போது கத்தினாலும் இன்னும் கெட்டியாக இல்லை என்று சொல்லவேண்டும் என்று.

கடைசியில் ராஜாராம் என் பக்கம் திரும்பினார். தாங்கள் பிரயாணம் போவதுண்டா என்றார். கிறிஸ்துமஸிலிருந்து எங்கும் போகவில்லை, ரயில் வந்தால் போவேன் என்று தலைநிமிர்ந்து சொன்னேன். எங்கே என்றார். மகள் வீட்டுக்கு என்றேன். வருஷத்துக்கு எத்தனை தடவை என்றார். நான் பொய் சொல்லுகிறவன் இல்லை. பேரனுடைய ஞானஸ்நானத்துக்கு ஒரு தடவை என்றேன். ஒன்று என்று எழுதினார். அன்று முழுதும் அந்தத் தாளில் விழுந்த எண் அது ஒன்றுதான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கணக்குப்படி பார்த்தா உங்க ஊருக்கு இப்ப இருக்கிற ரோடே அதிகம் பெரியவரே" என்றார்.

நான் விடவில்லை. விடுதிக்கே போய், ஜனங்கள் வாயால் சொல்வதை விட்டுவிட்டுத் தலையை எண்ணிப் பாருங்கள் என்று வாதாடினேன். நல்ல பிள்ளை, ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பஸ் நிலையத்தில் ஆள் வைத்து, செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிறவர்களையும் அங்கிருந்து வருகிறவர்களையும் எண்ணுவது என்று முடிவாயிற்று. கமிட்டி கூடி, கை கால் உள்ளவர்கள் எல்லோரும் அன்று திண்டிவனம் போய்த் திரும்பவேண்டும், ரயில் வரவேண்டும் என்கிற எண்ணம் உள்ளவன் எவனும் வீட்டில் இருக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். போனார்கள். பஸ் கூரைமேல் உட்கார்ந்து போனார்கள். மண்டகப்பட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பஸ் ஏறிப் போனார்கள். பகல் சாய்வதற்குள் ஊரில் மிச்சம் இருந்தது சத்தியத்தால் கட்டுப்பட்ட நானும், டிக்கெட் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த ஆதிமூலமும்தான்.

"நீங்களும் ஏறுங்க பெரியவரே. ஒரு தலை கூட வுழும். உங்களுக்கு டிக்கெட்டு வாணாம்."

"சத்தியம் சத்தியம்தான்."

"அது கெடக்கட்டும். பேரன் பொறந்துருக்கானாமே. எப்பப் போயி பாக்கப் போறீங்க?"

"ரயிலு வந்ததும்."

ஆதிமூலம் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. திரும்பிவந்த பஸ்கள் எல்லாம் காலி. பிறகுதான் தெரிந்தது, திண்டிவனம் டூரிங் கொட்டகையில் புதுப்படம் மாற்றியிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று கமிட்டி உறுப்பினர்கள் உள்பட அத்தனை பேரும் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ராஜாராமுடைய ஆட்கள் எண்ணினதில், செஞ்சியிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேர் வெளியேறினார்கள், ஒருவரும் திரும்பவில்லை என்று விழுந்தது. ஊரைவிட்டு ஜனங்கள் கூண்டோடு போய்க்கொண்டிருக்கிறார்கள், பாதை போட்டு முடிக்கும்போது ஏறுவதற்கு ஆள் இருக்கமாட்டார்கள் என்று அவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் ஆதிமூலம், என் மனுவில் நான் எழுதியிருந்த காரணங்களை எல்லாம் வரிக்கு வரி எடுத்து, ரயில் என்று இருந்த இடத்தில் பஸ் என்று போட்டு மனுக் கொடுத்தான். உடனே புது பஸ்ஸுக்கு அனுமதி வந்துவிட்டது. அது திண்டிவனம் ஸ்டேஷன் வாசலுக்கே போய் ரயிலுக்கு ஆள் இறக்குகிறது. காரணங்கள் நல்ல காரணங்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று தங்கள் மேலதிகாரியைக் கேட்கவும்.

இதற்கெல்லாம் முன்பே, ராஜாராம் வருவதற்கும் முன், ராயம்மாள் புறப்பட்டுவிட்டாள். வலி எடுக்கும் முன்பே மகளிடம் இருக்கவேண்டும் என்றாள். கமிட்டித் தலைவர் மனைவி பஸ் ஏறினால் ஊர் என்ன பேசும் என்றேன். "ரயிலு வர்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு மீசை மொளச்சிடும். நீங்க தண்டவாளத்த புடிச்சிக்கினு நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயப்பொடியும் நல்லெண்ணெயும் மூட்டை கட்டிக்கொண்டு ஆதிமூலம் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். அன்றிலிருந்து நான் கஞ்சி வைத்துக் குடிக்கிறேன். இதை அவளிடம் சொல்லலாம்.

அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கொண்டு எழுதியனுப்பிய கடிதத்தில், குழந்தையின் மூக்கு அப்படியே சம்பந்தியின் மூக்கு என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்வதாகக் கண்டேன். பார்க்க வந்தவர்கள் யார்? பொன்மலைக்காரர்கள். அவர்களில் என் மூக்கைப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு பக்கத்து மூக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிற கணக்கும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற கணக்கும் ஒன்றுதான். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று பதிவு செய்துகொள்ளவும்.

சத்தியத்தைப் பற்றி நம் பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். வேண்டுதலாக இருந்தால் வேறொரு வேண்டுதலாக மாற்றிக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு, இது வேண்டுதல் இல்லை வீம்பு, வீம்பைக் கோயிலில் பதிவு செய்வது கிடையாது என்றார். ரயில் வரும்வரை ஞானஸ்நானம் பொறுக்குமா என்றும் கேட்டேன். அதற்கு அவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிட்டுவிட்டு வா என்றார். அவர் நல்லவர். ரயில் விஷயம் தெரியாதவர்.

ஆகவே என் முடிவில் மாற்றம் இல்லை. ரயிலில் மட்டுமே வருவேன். அதுவரை என் இடத்தில் யாரையும் நிறுத்தவேண்டாம். இருதயமேரி பச்சைத் தண்ணீரில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லவும். தங்கள் தாயாருக்கு என் வணக்கம். சம்பந்திக்கும், அவர் கேட்டால். அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் தங்கள் குடும்பத்துக்கு நல்ல சுகத்தையும், செஞ்சிக்கு நல்ல பாதையையும் பெற்றுத்தருவாராக.

இப்படிக்கு, தங்கள் நன்மையையே நாடும் மாமனார்,
ம. அருள்சாமி,
தலைவர், செஞ்சி ரயில்பாதைக் கோரிக்கைக் கமிட்டி.

பின்குறிப்பு: பென்சிலில் எழுதியிருப்பதற்கு மன்னிக்கவும். இது சனிக்கிழமை, திண்டிவனம் ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்து எழுதுவது. மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவருகிறேன். நான் எதிரில் இருக்கும்போது படிக்கவேண்டாம். மாட்டைச் சுந்தரமூர்த்தி வீட்டில் கட்டியிருக்கிறேன், பொருளாளருக்கும் ஒரு வேலை ஆயிற்று. ஆதிமூலத்தின் புது பஸ்ஸில்தான் வந்தேன். டிக்கெட் வேண்டாம் என்று இன்றைக்கும் சொன்னான். என் சத்தியத்தை உடைப்பதற்கு இன்னொருத்தன் ஏன் செலவு செய்யவேண்டும் என்று முழு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். பஸ் ஆடியது. நான் ஊரெல்லாம் சொல்லிவந்த அளவுக்கு ஆடவில்லை. இருதயமேரியை இதிலேயே அழைத்து வந்திருக்கலாமோ என்று தீவனூர் அருகே ஓர் எண்ணம் வந்தது. திண்டிவனம் வருவதற்குள் அதைச் சரிசெய்துவிட்டேன். பஸ் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ரயில் இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தெரியவில்லை. இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை செஞ்சிக்காரர்கள் யார் கண்ணிலும் காட்டவேண்டாம். மூக்கு விஷயத்தை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு, வேறொன்றும் இல்லை. இந்தக் கடிதமும் என்னோடுதான் வந்துசேரும் என்பது தெரிந்தும் எழுதுகிறேன், ரயில் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, நான் வந்து பார்க்கும்வரை குழந்தையைச் சம்பந்தி மடியில் கொடுக்காமல் ராயம்மாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும்.